சொந்த ஊரைச் சுத்திப் பார்க்க 4,495 ரூபாய் கட்டி ஏமாந்தேன்

மதுரைக்குச் சொந்தக்காரங்களைக் கூட்டிட்டு வர்றவங்க, வெளியூர்ல இருந்து வந்து ராத்திரி டவுன்ஹால் ரோடு, மாசி வீதின்னு சாப்பிட்டுக்கிட்டே நடக்கலாம்னு நினைக்கிறவங்க எல்லாரும் ஒரு அஞ்சு நிமிஷம் ஒதுக்கி இதைப் படிச்சிருங்க. சனிக்கிழமை ராத்திரி நடந்தது. இன்னைக்குச் செவ்வாய். மூணு நாளா ஒரே பதிலைத் திருப்பித் திருப்பிக் கேட்டு மண்டை காய்ஞ்சு போய் எழுதுறேன். எப்படி ஏமாந்தேன்னு மொதல்ல சொல்லிடுறேன். எதை எதைப் பார்த்து வாங்கணும்னு கடைசியில வரிசையா, விவரமா எழுதுறேன்.

போனது 4,495 ரூபாய். ஆப் பேரைப் போடலை. "பேரைப் போட்டா அவங்க புகார் பண்ணிப் பதிவைத் தூக்க வச்சிருவாங்க மச்சான்"ன்னு மாப்பிள்ளை சொல்லிட்டாரு. அடையாளம் மட்டும் சொல்றேன். கைடு யாரும் கூட வர மாட்டாங்க. போன்ல மேப் காட்டும், ஒவ்வொரு இடத்துலயும் நின்னு பிளே அமுக்கினா அந்த இடத்தோட கதையை ஒரு குரல் சொல்லும், கூடவே வழியில ஆறு கடையில "சுவைக் கூப்பன்". இப்படி ஊர் ஊருக்கு வச்சு விக்கிற ஒரு ஆப்.

எனக்கு எதுக்கு இதுன்னு கேப்பீங்க. நியாயம்தான். பிறந்ததுல இருந்து இந்த ஊருதான். மருந்து மொத்தக் கடையில கணக்கு எழுதுறேன், தினமும் மாசி வீதியில வண்டியை உருட்டிக்கிட்டுத்தான் வேலைக்குப் போறேன். தங்கச்சியைக் கோயம்புத்தூர்ல குடுத்திருக்கு. அவ மாமனார் மாமியார் முதல் தடவையா ரெண்டு நாள் தங்குற மாதிரி வர்றாங்க. மாமா ரிட்டயர்டு வாத்தியார். போன தடவை கல்யாணத்துக்கு வந்தப்பவே, "தம்பி, வீதிக்கெல்லாம் மாசம் பேரு வச்சிருக்கறீங்களே, ஏனுங்க?"ன்னு கேட்டாரு. எனக்குப் பதில் தெரியலை. சிரிச்சு மழுப்பிட்டேன். அந்தக் கூச்சம் உள்ளேயே இருந்துச்சு. இந்தத் தடவை ஒழுங்கா ஊரைக் காட்டணும்னு நினைச்சேன், அதுதான் வினை.

வியாழக்கிழமை ராத்திரி போனைத் தள்ளிக்கிட்டு இருந்தப்ப அந்த விளம்பரம் வந்துச்சு. நாப்பது செகண்டு மாதிரி ஒலி. மொதல்ல பேச்சே இல்லை. தோசைக்கல்லுல கொத்து பரோட்டா தட்டுற சத்தம். டக டக, டக டக, நடுவுல ஒரு இழுப்பு, திரும்ப டக டக. நம்ம ஊருக்காரனுக்கு அந்தச் சத்தம் கேட்டா போதும், பசி இல்லாட்டியும் கால் நிக்கும். அதுக்கு மேல ஒரு குரல், "விளக்குத்தூண் பக்கம் திரும்புங்க, மல்லிகை வாசமும் சால்னா வாசமும் ஒண்ணா வரும்"னு. அந்த இடத்துல விழுந்துட்டேன். உண்மையைச் சொன்னா அங்க ரெண்டு வாசமும் ஒண்ணா வராது, வர்றது வண்டிப் புகை. ஆனா அந்த நேரத்துல அது மண்டையில ஏறலை.

ஆளுக்கு 899. அஞ்சு பேர். "ஒரே போன்ல கேட்டுக்கலாமா, எதுக்கு அஞ்சு டிக்கெட்?"ன்னு சாட்ல கேட்டேன். உடனே ஒருத்தன் போன்லயே வந்துட்டான். "அண்ணே, ஆடியோ ஒண்ணு போதும்ணே, கூப்பன் ஆளுக்கு ஆளு தனி. ஆறு கடையில சாப்பிட்டாலே உங்களுக்கு அந்தக் காசு திரும்பிரும்ணே." நீங்க எந்த ஊரு தம்பின்னு கேட்டேன். "நம்ம தெற்குவாசல்ணே!" அவ்வளவுதான். தெற்குவாசல்னு சொன்னதுக்கப்புறம் நான் வேற எதையும் கேக்கலை. கணக்கு எழுதுறவன், பத்து ரூபா வித்தியாசம் வந்தா ராத்திரி பூரா உக்காந்து தேடுறவன், க்யூஆர் ஸ்கேன் பண்றப்ப ஆப் பேரு வராம யாரோ ஒரு தனி ஆளோட பேரு வந்ததைக் கண்ணால பார்த்தேன். பார்த்துட்டும் அனுப்பினேன். 4,495.

வைக்கிறதுக்கு முன்னால அவன் ஒரு யோசனை சொன்னான். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னால வருது. "கோயில் பக்கம் கூட்டத்துல நெட் இழுக்காதுண்ணே. வீட்லயே வைஃபைல ஏழு நிறுத்தத்தையும் டவுன்லோட் பண்ணி வச்சுக்கோங்க." எவ்வளவு அக்கறைன்னு நினைச்சேன். வெள்ளிக்கிழமையே ஏழையும் இறக்கி வச்சுட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சரைக்கு ரயில்வே ஸ்டேஷன் எதிர்ல ஆரம்பிச்சோம். மாமா, அத்தை, தங்கச்சி, மாப்பிள்ளை, நான். மொத நிறுத்தம் மேல வெளி வீதியில விக்டோரியா எட்வர்ட் மன்றம், ரீகல் தியேட்டர் இருந்த கட்டடம். பகல்ல படிப்பகம், சாயங்காலம் ஆனா அதே ஹால்ல இங்கிலீஷ் படம் ஓட்டின இடம்னு குரல் சொல்லுச்சு. அது சரிதான். எங்கப்பா அங்க படம் பார்த்த கதையை நூறு தடவை சொல்லியிருக்காரு. மாமா தலையை ஆட்டிக் கேட்டாரு. எனக்கும் பெருமையா இருந்துச்சு. கெட்டதை மட்டும் சொல்லக்கூடாது, அந்த மூணு நிமிஷம் நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு நிமிஷத்துக்கு 1,498 ரூபாய்னு வச்சுக்கிட்டா.

அப்புறம் டவுன்ஹால் ரோட்டுக்குள்ள. ரெண்டு பக்கமும் லாட்ஜ், ஹோட்டல், பேக் கடை, கைலி கடை. கடைகளுக்குப் பின்னால கூடலழகர் கோயிலோட பெருமாள் தெப்பக்குளம் இருக்கு. நடந்து போற பாதிப் பேருக்கு அங்க ஒரு குளம் இருக்கிறதே தெரியாது. குரல் என்ன சொல்லுது? "இப்போது உங்கள் எதிரே பரந்து விரிந்த தெப்பக்குளத்தில் மாலைச் சூரியன் மின்னுவதைப் பாருங்கள்." எங்க எதிர்ல மின்னினது ஒரு செருப்புக் கடையோட சீரியல் லைட்டு. மாரியம்மன் தெப்பக்குளத்தைப் பத்தி எழுதினதைத் தூக்கி இங்க வச்சிருக்காய்ங்க போல. அது ஊருக்குக் கிழக்கால, வண்டியூர்ல இருக்கு.

மேல பெருமாள் மேஸ்திரி வீதியில தங்கம் தியேட்டர். "ஆசியாவின் மிகப்பெரிய திரையரங்கு, டிக்கெட் கவுண்டர் முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்." அந்தத் தியேட்டரை இடிச்சே வருஷக்கணக்காச்சு. அங்க இப்ப ஜவுளிக்கடை. வாசல்ல நின்ன செக்யூரிட்டி, "உள்ள வாங்க சார், செகண்ட் ஃப்ளோர் சுடிதார்"ங்கிறான். அத்தை போயிட்டாங்க. திருப்பிக் கூட்டிட்டு வர கால் மணி நேரம்.

மொத கூப்பன் டவுன்ஹால் ரோட்டுல ஒரு காப்பிக் கடை. "வெங்காய வடை, ஃபில்டர் காப்பி, அஞ்சு பேருக்கு." போனை நீட்டினேன். கல்லாவுல இருந்த பெரியவர் கண்ணாடியைத் தூக்கி வச்சுப் பார்த்தாரு. "என்ன தம்பி இது, கரண்ட் பில்லா?" விளக்கினேன். பையனைக் கூப்பிட்டுக் காட்டினாரு. பையன் பார்த்ததும் சிரிச்சுட்டான். "அண்ணே, இந்த வாரத்துல நீங்க மூணாவது கூட்டம்ணே. எங்களுக்கும் அவங்களுக்கும் ஒண்ணும் இல்லை. யாருன்னே தெரியாது." பின்னாடி மாமா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு நிக்கிறாரு. நான் காசு குடுக்கப் போறதுக்குள்ள அவரு பர்ஸை எடுத்துட்டாரு. "பரவாயில்லீங்க தம்பி, நல்ல காப்பிங்க." கொங்கு நாட்டு மரியாதை சில நேரம் அடியை விட வலிக்கும்.

நான் அந்தத் தெற்குவாசல் தம்பிக்குப் போன் போட்டேன். எடுத்தான். "அந்தக் கடைல புதுப் பையன் இருப்பான்ணே, சிஸ்டம்ல அப்டேட் ஆகிருக்காது. அடுத்த கடையில காட்டுங்க, பக்கா." சரின்னு நடந்தோம். அடுத்தது பருத்திப்பால் தள்ளுவண்டி. பெரிய பாத்திரத்துல கருப்பட்டியும் சுக்கும் கொதிச்சு வாசம் தெருமுனை வரைக்கும் வருது. அண்ணன் கரண்டியைப் போட்டுக் கிண்டிக்கிட்டே என் போனைப் பார்த்தாரு. "தம்பி, நான் ஜிபே அட்டையே போன மாசந்தான் மாட்டினேன். என்னை எப்பய்யா ஆப்புல போட்டாய்ங்க?" அஞ்சு டம்ளருக்கு நான் காசு குடுத்தேன். தேங்காய்ப் பூ தூவி, கடைசியா இன்னொரு அரைக் கரண்டி ஊத்தித்தான் குடுத்தாரு.

அடுத்து கோயில். இங்கதான் எனக்கு ரத்தம் கொதிச்சது. நாலாவது நிறுத்தம்: "ஆயிரங்கால் மண்டபத்தின் நடுவில் நின்று பிளே செய்யவும்." மதுரையில சின்னப் புள்ளையைக் கேட்டாலும் சொல்லும், மீனாட்சி கோயிலுக்குள்ள செல்போன் கொண்டு போக முடியாதுன்னு. 2018 பிப்ரவரியில வீரவசந்தராயர் மண்டபத்துல தீப்பிடிச்சுதே, அதுக்கு அடுத்த மாசத்துல இருந்து தடை. கவுண்டர்ல குடுத்து டோக்கன் வாங்கிட்டுத்தான் உள்ள போகணும். போனை வாங்கி வச்சுட்டு ஆயிரங்கால் மண்டபத்துல நின்னு எதை பிளே பண்றது? என் விரலையா? அந்த இடத்துலதான் எனக்கு உறைச்சது. கோயிலுக்குள்ள போன் கூடாதுன்னு தெரியாம "கோயில் பக்கம் நெட் இழுக்காதுண்ணே"ன்னு ஒருத்தன் சொல்றான்னா, அவன் தெற்குவாசலுமில்லை, வடக்குவாசலுமில்லை.

சாமி கும்பிட்டுட்டு கிழக்கால வந்தோம். புதுமண்டபம் வாசல்ல குரல், "உள்ளே வரிசையாகத் தையல் இயந்திரங்களின் ஓசை"ங்குது. அந்தக் கடைகளை எல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்தியாச்சு. அதாவது பரவாயில்லை, பழைய தகவல்னு விடலாம். அடுத்த வரியிலதான் மாமாவே நின்னுட்டாரு. "சித்திரைத் திருவிழாத் தேர் இந்தச் சித்திரை வீதிகளில்தான் வலம் வரும்." தேர் ஓடுறது மாசி வீதியில! நான் வடம் பிடிச்சு இழுத்திருக்கேன், கை கொப்புளிச்சிருக்கு. சித்திரைத் தேரு மாசி வீதியில ஓடுறதுதான் இந்த ஊரோட வேடிக்கையே. கோயிலுக்குள்ள ஆடி வீதி, வெளியில சித்திரை, அதைச் சுத்தி ஆவணி மூலம், அதைச் சுத்தி மாசி, கடைசியா வெளி வீதின்னு சதுரத்துக்குள்ள சதுரமா நான் கையால காத்துல கோடு போட்டு மாமாவுக்குக் காட்டினேன். அந்தந்த மாசத்துத் திருவிழா சுத்தின வீதிக்கு அந்தந்த மாசம் பேருன்னு சொல்லுவாங்கன்னு, வாரம் பூரா தேடிப் படிச்சு வச்சதையும் ஒப்பிச்சேன். போனை அணைச்சுப் பையில போட்டுட்டேன். அவரு அதுக்கப்புறந்தான் கேள்வி கேக்கவே ஆரம்பிச்சாரு.

மிச்ச கூப்பன் கதை சுருக்கமா. விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா கடையில கூட்டம் அலைமோதுது. கூப்பன்னு சொன்னதும் டோக்கன் குடுக்கிறவர் முகத்தைக் கூடப் பார்க்காம, "ஆப்பு இல்லை, காசு, அடுத்து யாரு"ன்னுட்டாரு. பாதாம் பிசினும் நன்னாரியும் சுண்டின பாலும் தொண்டையில இறங்கினப்ப கொஞ்சம் கோபம் தணிஞ்சுது, பொய் சொல்லலை. தெற்கு மாசி வீதியில முள்ளுமுருங்கைப் பூரி, மேல இட்லிப் பொடி தூவினது, அந்தம்மா கூப்பனைப் பார்த்துட்டு, "இந்த நோவு எனக்கெதுக்குப்பா, பூரி வேணுமா வேணாமா?"ன்னாங்க. வேணும்னோம். கடைசிக் கூப்பன், "சுடச்சுட கறிதோசை". மேப் காட்டின இடத்துக்குப் போனா பூட்டின ஜெராக்ஸ் கடை. ஷட்டர்ல நாய் படுத்திருக்கு.

அப்புறம் எனக்குத் தெரிஞ்ச கடைக்கே கூட்டிட்டுப் போனேன். தடிமனா மாவை ஊத்தி, மேல முட்டையை உடைச்சுப் பரத்தி, அதுக்கு மேல கொத்துக்கறியை அப்பித் திருப்பிப் போடுற அந்தக் கறிதோசையை மாமா எழுந்து நின்னு கல்லுப் பக்கத்துல போய்ப் பார்த்தாரு. பில்லு 1,260. அது நாங்க சாப்பிட்ட காசு, அதை நான் நஷ்டத்துல சேர்க்கலை. கணக்குன்னா கணக்கு. போனது 4,495 மட்டும்.

இனிமே அவய்ங்க பதில்கள்.

ஞாயித்துக்கிழமை காலையில சாட். "வணக்கம்! உங்கள் நடை இனிதாக அமைந்ததா?" இல்லைன்னு எழுதினேன். "மகிழ்ச்சி! உங்கள் அனுபவத்தை நண்பர்களுடன் பகிருங்கள்." இதுக்கு என்னத்தைச் சொல்ல. புகார்னு நாலு தடவை டைப் பண்ண பிறகு ஒரு டிக்கெட் நம்பர் குடுத்து, 48 மணி நேரம்னாய்ங்க. தெற்குவாசல் தம்பிக்குப் போன். மொத தடவை, "அண்ணே, டென்ஷன் ஆகாதீங்க, பில்லிங் டீம்ல பேசிட்டு வர்றேன்." ரெண்டாவது தடவை, "நான் சேல்ஸ் மட்டும்தான்ணே." மூணாவது தடவை ரிங்கே போகலை. தங்கச்சி போன்ல இருந்து போட்டேன், எடுத்தான். என் குரலைக் கேட்டதும் "ஹலோ, ஹலோ, கேக்கலை"ன்னு கட் பண்ணிட்டான். அவனுக்கும் நெட் இழுக்கலை போல.

நேத்து மெயில் வந்துச்சு. "தாங்கள் 7 நிறுத்தங்களில் 7-ஐயும் முழுமையாகப் பயன்படுத்தியுள்ளதால் பணத்தைத் திரும்ப வழங்க இயலாது." எப்படி 7-ம்? டவுன்லோட் பண்ணினாலே பயன்படுத்தின கணக்காம்! வெள்ளிக்கிழமை ராத்திரி, நாங்க வீட்டை விட்டே இறங்காதப்ப, எங்க நடை முடிஞ்சு போச்சு. அவன் அக்கறையா சொன்ன யோசனை இதுக்குத்தான். கூப்பன்? "கடைகள் எங்கள் பரிந்துரைகள் மட்டுமே, இருப்பைப் பொறுத்து." இருப்பு என்னய்யா இருப்பு, கடைக்காரனுக்கே தெரியாத கூப்பனுக்கு? கோயிலுக்குள்ள போன் கூடாதுன்னு எழுதினதுக்கு வந்த பதிலை அப்படியே போடுறேன்: "உள்ளூர் விதிகளை அறிந்திருப்பது பயணியின் பொறுப்பு."

நல்லெண்ணத்தின் பேர்ல 450 ரூபாய் கிரெடிட் தர்றாய்ங்களாம். காசா இல்லை, அடுத்த நடைக்குக் கழிவா. தஞ்சாவூர் நடைக்குப் போடலாமாம். ஏன்யா, தஞ்சாவூர்க்காரனையாவது விடுங்கய்யா.

பேங்க்ல கேட்டேன். நானே பின் நம்பர் போட்டு அனுப்பினதால மொதல்ல அவங்ககிட்டதான் கேக்கணும்னு கையை விரிச்சாங்க. வாங்கினவன் பேரு ஒரு தனி ஆளு பேரா இருக்கேன்னு கேட்டேன். "அதை அனுப்புறதுக்கு முன்னால பார்த்திருக்கணும் சார்"னு அந்தப் பொண்ணு சொன்னப்ப எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. வீட்ல அம்மா ஒரே வார்த்தைதான், "மதுரைக்காரனை மதுரையிலயே வச்சு ஏமாத்திட்டாய்ங்களேடா." மூணு நாளா அதையே சொல்றாங்க. போன் பேசுற சொந்தக்காரங்ககிட்ட எல்லாம் சொல்றாங்க. 4,495-ங்கிற தொகை இப்ப பரமக்குடி வரைக்கும் தெரியும்.

சரி, விவரமா எழுதுறேன்னேன்ல. கடைக்கு நேரமாச்சு, முதலாளி ரெண்டு தடவை கூப்பிட்டாச்சு, சட்டுனு சொல்லிடுறேன். கூப்பன்னு சொன்னா காசு கட்டுறதுக்கு முன்னால ரெண்டு கடைக்காவது நேர்ல போயோ போன் போட்டோ கேளுங்க. ஸ்கேன் பண்றப்ப கம்பெனி பேரு வராம ஆளு பேரு வந்தா நிறுத்திருங்க. முன்கூட்டியே டவுன்லோட் பண்ணாதீங்க, பிளே பண்ணாதீங்க, நடக்கிற அன்னைக்கு ஒவ்வொண்ணா திறங்க. கோயிலுக்குள்ள போன் கிடையாது, எவன் என்ன வித்தாலும். ஏமாந்துட்டா மோசடின்னு தெரிஞ்ச உடனே சைபர் கிரைம் உதவி எண் 1930-க்கு அடிங்க, நான் மூணு நாள் தூங்கிட்டேன். சேவைக் குறைபாடுன்னா நுகர்வோர் உதவி எண் 1915, தமிழ்லயே பேசலாம். அதுலயும் ஆகலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி எந்த ஊர்ல இருந்தாலும் நாம இருக்கிற ஊர்லயே போடலாம், அஞ்சு லட்சம் வரைக்கும் கட்டணமில்லை. இன்னும் ரெண்டு மூணு இருந்துச்சு, மறந்துட்டேன்.

காப்பிக் கடைப் பையன் சொன்ன மத்த ரெண்டு கூட்டத்துல யாராவது இதைப் படிச்சீங்கன்னா உங்க டிக்கெட் நம்பரை எனக்கு உள்பெட்டியில அனுப்புங்க, சேர்ந்தே புகார் போடலாம். 1915-ல காலையில பதிஞ்சாச்சு, நம்பர் வந்திருக்கு. மதியம் கூப்பிடுறேன்னு சொல்லியிருக்காங்க. வந்ததும் கீழ எழுதுறேன்.